நாலு பேர் பேசும் காரில் குரல் கட்டளை சொதப்பினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

தனியாக ஓட்டிப் போகும்போது சொன்ன பேச்சைக் கேட்கிற கார், குடும்பம் மொத்தமும் ஏறி உட்கார்ந்ததும் அடம்பிடிக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வழி கேட்டால் பாட்டுப் போடும். அண்ணனுக்கு போன் போடச் சொன்னால் "மன்னிக்கவும், புரியவில்லை" என்று மூன்று முறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். உடனே நாம் குரலை உயர்த்துவோம். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வோம். இரண்டுமே நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பார்த்தவரை, இந்த மாதிரி சமயங்களில் சொல் புரியாமல் போவது குறைவு. யார் பேச்சைக் கேட்பது, அந்தப் பேச்சு எந்த இடத்தில் முடிந்தது, இந்த இரண்டில்தான் கருவி தடுமாறுகிறது. அதனால் மொழியை மாற்றிப் பார்ப்பது, ஃபேக்டரி ரீசெட் அடிப்பது எல்லாம் கடைசிக்கு இருக்கட்டும். ரீசெட் அடித்தால் சேமித்த முகவரிகளும் போன் இணைப்புகளும் போய்விடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

சோதனைகளை வண்டியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓடும்போது மட்டுமே தெரிகிற ஒன்றிரண்டை ஓட்டாதவர் பார்க்கட்டும்.

முதலில்: கேட்பது யார்?

இன்றைய காருக்குள் காது பல. காரின் சொந்த உதவியாளர் ஒன்று, உங்கள் போனில் இருப்பது இன்னொன்று. பக்கத்தில் இருப்பவரின் போனும் கணக்கில் வரும். பல கார்களில் ஸ்டீயரிங்கில் இருக்கும் குரல் பட்டனைத் தட்டினால் காருடையது விழிக்கும். அழுத்திப் பிடித்தால் போனுடையது விழிக்கும். திரையில் வரும் வடிவத்தையும் பதில் சொல்லும் குரலையும் வைத்து எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

போனின் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோவில் போன் இணைந்திருந்தால், உதவியாளர் போனில் இருந்தாலும் பொதுவாகக் காரின் மைக் வழியாகத்தான் கேட்கும். வெறும் ப்ளூடூத் மட்டும் இருக்கும்போது "ஹே கூகுள்" என்று கூப்பிட்டால், பெரும்பாலும் போனின் சொந்த மைக்தான் கேட்கும். அந்த போன் கைப்பைக்குள் கிடந்தால் காரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தக் காது என்று தெரியாமல் மற்ற எதையும் தொடாதீர்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீரும்.

அடுத்து, ஒரே கட்டளையை ஐந்து தடவை சொல்லிப் பாருங்கள். இன்ஜின் ஓடட்டும், வண்டி நிற்கட்டும், ஏசி விசிறி நிற்கட்டும், யாரும் பேச வேண்டாம். ஐந்துக்கு ஐந்து சரியா? விசிறியை முழு வேகத்தில் வைத்து மறுபடி ஐந்து தடவை. அப்புறம் விசிறியைக் குறைத்துவிட்டு, மற்றவர்களை வழக்கம்போலப் பேசச் சொல்லி ஐந்து தடவை. முதல் சுற்றிலேயே தவறினால் கோளாறு பெரும்பாலும் மைக்கிலோ ஒயரிலோ இருக்கிறது, கூட்டத்தின் மேல் பழி போட வேண்டாம். இரண்டாவது சுற்றில் தவறினால் காற்று. மூன்றாவதில் மட்டும் தவறினால்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்கு.

மூன்று சுற்றிலும் திரையில் விழும் எழுத்தை ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். கார் என்ன செய்தது என்பதைவிட, என்ன கேட்டதாக எழுதிக் காட்டியது என்பதுதான் நல்ல சாட்சி.

திரையில் நீங்கள் சொன்னதோடு அடுத்தவர் பேச்சும் ஒட்டிக்கொண்டு வருகிறது

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். ஓட்டுபவர் "மகேஷுக்கு போன் போடு" என்கிறார். அதே மூச்சில் பின்னாலிருந்து "அந்த ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தேன்" என்று ஒரு குரல். திரையில் "மகேஷுக்கு போன் போடு அந்த ஜன்னல்" என்று வருகிறது. அப்படி ஒரு பெயர் போன் புத்தகத்தில் இல்லை, ஆகவே "புரியவில்லை". எழுத்தைப் பாருங்கள்: ஒரு சொல்லும் தப்பில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. எங்கே வெட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வாக்கியம் முடிந்ததா என்று கருவிக்குப் பொருள் வைத்துத் தெரிவது குறைவு; அது எதிர்பார்ப்பது மௌனத்தை. நாம் நிறுத்தியபின் அரை நொடி, ஒரு நொடி போல அமைதி நிலவினால் "முடித்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். நாலு பேர் இருக்கும் காரில் அந்த ஒரு நொடி அமைதி எப்போது கிடைக்கிறது? கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும், பிறகு நேரம் தீர்ந்து கைவிடும். திரையில் அலைபோல ஏதோ ஆடிக்கொண்டே இருந்து, கடைசியில் ஒன்றும் நடக்காமல் மூடிக்கொள்வதும் இதே நோய்தான்.

செய்ய வேண்டியது: பட்டனை அழுத்தும் முன்பே என்ன சொல்லப் போகிறோம் என்று மனதில் முடித்துக்கொள்ளுங்கள். சின்ன வாக்கியமாக, ஒரே மூச்சில். எல்லோரையும் நெடுநேரம் வாய்மூடச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் முடித்தபின் வரும் அந்த ஒரு நொடி அமைதி போதும். எங்கள் வீட்டில் பீப் சத்தம் கேட்டால் எல்லோரும் பேச்சை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். ஆறு வயசுப் பெண் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு மற்றவர்களை அதட்டுகிறாள். அந்த அதட்டலும் சில நேரம் திரையில் எழுத்தாக விழுந்துவிடும், அது வேறு கதை.

இன்னொன்று. கேட்டுக்கொண்டிருக்கும்போது குரல் பட்டனை மறுபடி தட்டினால் சில கார்களில் "முடிந்தது" என்று அர்த்தம், சில கார்களில் "ரத்து" என்று அர்த்தம். உங்களுடையது எது என்று நிறுத்தியிருக்கும்போதே பார்த்து வையுங்கள். முதல் வகையாக இருந்தால் உங்கள் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது. மௌனத்துக்காகக் கருவி காத்திருக்க வேண்டியதே இல்லை.

நீங்கள் சொன்னது பாதியில் அறுந்து வருகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் அதே ஒரு நொடிக் கணக்குதான் காரணம். முகவரியைச் சொல்லிக்கொண்டே வந்து, "ம்... எந்தத் தெரு?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்கிறீர்கள். அந்த இடைவெளியைக் கருவி முற்றுப்புள்ளி என்று நினைத்துவிடுகிறது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வது கெடுதல் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உதவியாளர் "சொல்லுங்கள்" என்று பேசி முடிக்கும் முன்னரே நாம் தொடங்கிவிட்டால் முதல் சொல் போய்விடும். குறுக்கே பேச அனுமதிக்கும் வசதி சில அமைப்புகளில் உண்டு. அமைப்புப் பட்டியலில் அதைத் திறந்து வைக்கலாம். ஆனால் கூட்டம் இருக்கும்போது அது இரண்டு பக்கமும் வெட்டும்: பின்சீட்டுக்காரர் இருமினாலும் உதவியாளர் பேச்சை நிறுத்திவிடும். நிறைய பேர் போகும் பயணத்தில் அதை அணைத்துவிட்டு, பீப் வரும்வரை பொறுத்துச் சொல்வது மேல் என்பது என் கட்சி.

திரையில் சம்பந்தமே இல்லாத சொற்கள்

இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது. ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசினால் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே நேரத்தில் பேசினால் கலங்கி வரும். மனிதக் காது இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதை காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1953இலேயே ஆராயத் தொடங்கிவிட்டார். கூட்டத்துக்கு நடுவே நமக்கு வேண்டிய ஒருவர் பேச்சை மட்டும் பற்றிக்கொள்வது நமக்குச் சுலபம், இயந்திரத்துக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

இந்த நேரத்தில்தான் நாம் கத்துகிறோம். சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரல் உயரும் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். அவர் பெயரிலேயே அந்த விளைவைச் சொல்கிறார்கள். உயர்வது சத்தம் மட்டுமில்லை. சுருதி ஏறுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன, குரலின் சாயலே மாறுகிறது. கருவி பெரும்பாலும் பழகியது நிதானமான பேச்சில். போதாததற்கு, நீங்கள் கத்தினால் பின்சீட்டும் சேர்ந்து கத்தும், அவர்களுக்கும் அதே லொம்பார் விளைவுதான். வழக்கமான குரலில், முகத்தைச் சாலைக்கு நேராக வைத்துச் சொல்லுங்கள். மைக்கைப் பார்த்துக் குனிய வேண்டாம்.

பக்கத்து சீட்காரர் சொன்னதை என் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது

இங்கே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மைக் உள்ள கார்களில் அவை பெரும்பாலும் உள்கூரையில், படிப்பு விளக்குக்குப் பக்கத்திலோ உள் கண்ணாடிக்கு மேலேயோ இருக்கும். இரண்டு மைக்குக்கு நடுவே 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். பக்கவாட்டிலிருந்து வரும் குரல் ஒரு மைக்கைத் தொட்டபின் மற்றதைத் தொட ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஏழாயிரத்தில் ஒரு பங்குதான். ஒலியை நொடிக்கு 16,000 முறை அளக்கும் கருவிக்கு அது சுமார் இரண்டே இரண்டு அளவீட்டு இடைவெளி. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் "இது ஓட்டுநர் பக்கம், அது அடுத்த பக்கம்" என்று பிரிக்கிறது. செய்வது பெரிய வித்தைதான், ஆனால் எல்லை உண்டு. பக்கத்தில் இருப்பவர் நடுவே சாய்ந்து போனைக் காட்டிப் பேசினால் அவர் ஓட்டுநர் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்றே கணக்கு. ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருப்பவரும் ஏறக்குறைய அதே திசைதான். முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலி இன்னும் குழப்பும்.

அமைப்புப் பட்டியலில் குரல் பகுதியைத் திறந்து பாருங்கள். "ஓட்டுநர் மட்டும்", "முன்சீட்டுகள்", "எல்லா சீட்டும்" என்கிற மாதிரி ஒரு தேர்வு இருந்தால், கூட்டத்தோடு போகும்போது ஓட்டுநர் மட்டும் என்று வையுங்கள். எல்லா சீட்டும் என்பது காட்டிப் பெருமைப்பட நன்றாக இருக்கும். மூன்று குழந்தைகள் பின்னால் இருக்கும்போது அதைத் திறந்து வைத்தால் ஜன்னல்கள் ஏறி இறங்கும் வைபவம் முடியவே முடியாது.

இப்படி ஒரு சோதனையும் உண்டு. சீட் வாரியாகக் குரலைப் பிரிக்கும் காராக இருந்தால், எல்லோரையும் இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "எனக்குக் குளிர்கிறது" என்பதற்கு உங்கள் காரில் வேலை செய்யும் கட்டளையைச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து வெப்பநிலை மாற வேண்டும். ஓட்டுநர் பக்கம் மாறினால், இடமும் வலமும் எங்கோ மாறிக் கிடக்கிறது. உள்கூரைப் பெட்டியைக் கழற்றி மாட்டியபோது மைக் ஒயர் மாறியிருக்கலாம். அல்லது காரின் மியூசிக் செட்டை மாற்றியபோது, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்ற அமைப்பு தப்பாக ஏறியிருக்கலாம். அப்போது கருவி முழுக் கவனத்தோடு பக்கத்து சீட்டையே கேட்டுக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் பேச்சைத்தான் இரைச்சல் என்று தள்ளிவிடும். வீட்டில் சரிசெய்கிற வேலை இல்லை இது, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

பின்சீட்டில் இருப்பவர் சொன்னால் கண்டுகொள்வதே இல்லை

பல கார்களில் இது கோளாறே இல்லை. பின்பக்கம் மைக் இல்லாத காரில், முன்மைக் அவர்கள் குரலை வேண்டுமென்றே அடக்குகிறது. காரின் கையேட்டில் மைக் எங்கெங்கே என்று பாருங்கள். பின்சீட்டில் இருந்து முன்மைக் எட்டத்தில் இருக்கிறது. நடுவே முன்சீட்டின் தலைச்சாய்ப்பு. ஸ், ஷ், ஃப் போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் அங்கேயே மடிந்துவிடும். குழந்தைகளுக்குக் கூடுதல் கஷ்டம்: பெரியவர்களைவிடச் சுருதி உயரம், தொண்டையும் வாயும் சின்னது, ஆகவே ஒலியின் அமைப்பே வேறு. பெரியவர்கள் பேச்சில் அதிகம் பழகிய கருவிக்கு அது அந்நியமாகப் படும். அவர்களுக்கு வேண்டிய பாட்டை நீங்களே சொல்லிவிடுவதுதான் வழி.

பாட்டு ஓடினால் பரவாயில்லை, பின்சீட்டில் டேப்லெட் ஓடினால் குழம்புகிறது

கேட்க விசித்திரமாக இருக்கும். காரின் ஸ்பீக்கரில் பாட்டு அலறும்போதுகூடப் புரிந்துகொள்கிற கருவி, பின்னால் சன்னமாக ஓடும் ஒரு கார்ட்டூனுக்குத் தோற்றுப்போகிறது. காரணம் எளிது. காரின் ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டு என்னவென்று காருக்கே தெரியும். மைக்கில் வருவதிலிருந்து அந்தப் பாட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கிறது. டேப்லெட்டில் என்ன ஓடுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதுவும் மனிதப் பேச்சு, எனவே இரைச்சல் என்று ஒதுக்கவும் முடியாது. குழந்தைக்கு ஹெட்போன் கொடுங்கள், அல்லது டேப்லெட்டின் ஒலியைக் காரின் ஸ்பீக்கர் வழியாகவே விடுங்கள். ஹெட்போன்தான் பெரியவர்களுக்கும் நிம்மதி.

இதே காரணத்தால் வரும் இன்னொரு அறிகுறி: வெளியில் வாங்கி ஆம்ப்ளிஃபையர் மாட்டியபின் பாட்டு ஓடும்போது மட்டும் குரல் கட்டளை வேலை செய்யாமல் போவது. கார் "நான் அனுப்பிய பாட்டு இது" என்று கழிக்கிறது. ஆம்ப்ளிஃபையரோ அதன் நேரத்தையும் சாயலையும் கொஞ்சம் மாற்றி வெளியே விடுகிறது. கணக்கு ஒட்டவில்லை, மிச்சம் மைக்கில் தங்கிவிடுகிறது. ஒலியை நிறுத்திவிட்டுச் சொன்னால் சரியாகிறது என்றால் இதுதான். மாட்டியவரிடம் சொல்லி, அதில் உள்ள கூடுதல் எஃபெக்ட்களையும் தாமத அமைப்பையும் அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

யாரும் கூப்பிடாமலே விழித்துக்கொள்கிறது

கூப்பிடும் சொல்லுக்கு ஒத்த ஓசையுள்ள ஏதோ ஒன்று பேச்சில் அடிபடுகிறது. பேசுகிறவர்கள் கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடும். உணர்திறன் குறைக்கும் வசதி இருந்தால் ஒரு படி குறையுங்கள். இல்லாவிட்டால் கூப்பிடும் சொல்லையே அணைத்துவிட்டு ஸ்டீயரிங் பட்டனைப் பயன்படுத்துங்கள். நாலு பேர் போகும் வண்டியில் பட்டன்தான் ராஜா: யார் பேசப் போகிறார், எப்போது தொடங்குகிறார் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே தட்டில் பதில் சொல்லிவிடுகிறது.

கூப்பிட்டால் இரண்டு மூன்று போன்கள் சேர்ந்து பதில் சொன்னால், காரோடு இணையாத போன்களில் கூப்பிடும் சொல்லை அணையுங்கள். அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு போன் போடு" என்றால் யார் அம்மாவுக்கோ போகிறது

இதில் குரல் கண்டறிதல் நூற்றுக்கு நூறு சரி. தப்பு போன் புத்தகத்தில். இரண்டு போன்கள் காரில் பதிந்திருக்கின்றன. அன்று முதலில் இணைந்தது உங்கள் மனைவியின் போன். ஒருமுறை நான் "அம்மாவுக்கு போன் போடு" என்று சொல்லிவிட்டு, மறுமுனையில் எடுத்ததும் "என்னம்மா, மாத்திரை போட்டியா?" என்று உரிமையோடு கேட்டேன். இரண்டு நொடி அமைதி. பிறகு என் மாமியார் மிகவும் மரியாதையாக, "போட்டுட்டேன் மாப்பிள்ளை" என்றார்.

ப்ளூடூத் பட்டியலுக்குப் போய் எந்த போன் முதன்மை என்று குறியுங்கள். முன்பு எப்போதோ இணைத்த நண்பரின் போன், விற்றுவிட்ட பழைய போன் எல்லாவற்றையும் அழியுங்கள். உறவுப் பெயர்கள் எல்லா வீட்டு போனிலும் இருக்கும் என்பதால், குரலில் கூப்பிட ஊர்ப்பெயரோ செல்லப்பெயரோ சேர்த்து ஒரு தனிப்பெயர் வைத்துக்கொள்வது நல்லது. "மணி" என்று ஒருவர் இருந்தால் அவருக்கு முழுப்பெயரே வையுங்கள். "எட்டு மணிக்கு" என்று தொடங்கும் நினைவூட்டலெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

போனில் பேசினால் மற்றவர்கள் குரல் எதிர்முனையில் விட்டுவிட்டுக் கேட்கிறது

ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் பேசலாம் என்று நினைப்போம். ஆனால் மைக் ஓட்டுநர் பக்கம் திரும்பியிருக்கிறது. மற்ற குரல்களைக் கருவி இரைச்சலோடு சேர்த்து அமுக்குகிறது. விட்டுவிட்டுக் கேட்பது அதனால்தான். "எல்லா சீட்டும்" அமைப்பு இருந்தால் அழைப்பின்போது திறந்து பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் பேசி முடித்தபின் ஒருவர் பேசுவதைத் தவிர வழியில்லை.

எல்லோர் குரலும் மங்கலாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் அது வேறு. பழைய ப்ளூடூத் இணைப்பு குரலை நொடிக்கு 8,000 முறைதான் அளக்கும். அளக்கும் எண்ணிக்கையில் பாதிவரை உள்ள ஒலிதான் பதியும் என்பதால், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதுவும் போகாது. ஸ், ஷ், ஃப் ஆகியவற்றின் அடையாளமே பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ப்ளூடூத் அழைப்புக்கான விதிமுறையான ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் 2011இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து 16,000 முறை அளக்கும் வழி வந்துவிட்டது, ஆனால் காரும் போனும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். போனின் உதவியாளரை அந்தப் பழைய இணைப்பு வழியாகப் பயன்படுத்தினால் அதற்கும் அரைகுறை ஒலிதான் போய்ச் சேரும். கார்ப்ளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோவில் அதே கட்டளையைச் சொல்லிப் பாருங்கள். தேறினால் குற்றவாளி இணைப்புதான்.

சில கட்டளைகள் மட்டும் வேலை செய்கின்றன

"ஏசியைக் கூட்டு" நடக்கிறது, "பக்கத்தில் பெட்ரோல் பங்க் எங்கே" என்றால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதலாவதைக் காருக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் கார்கள் பல. இரண்டாவதற்கு இணையம் வேண்டும். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் பின்சீட்டில் மூன்று பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் உதவியாளருக்கு மிஞ்சுவது என்ன? ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நின்றால் சரி, ஓடினால் சொதப்பல்

ஜன்னல், சன்ரூஃப், விசிறி. இந்த வரிசையில் பாருங்கள். முன்கண்ணாடிப் பனி நீக்கும் பொத்தான் போட்டிருந்தால், காற்று கண்ணாடியில் ஏறி நேராக உள்கூரை மைக்கின் மேல் அடிக்கும். நம் காதுக்குச் சன்னமாகத் தெரியும் விசிறிச் சத்தம் மைக்குக்குப் புயல். காற்றைக் கால்பக்கம் திருப்பினாலே பல கார்களில் சரியாகிவிடும்.

நேற்றுவரை சரியாக இருந்தது

அப்படியென்றால் இடையில் யாரோ எதையோ தொட்டிருக்கிறார்கள். என் கார் திடீரென்று என் பேச்சை விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டின் பேச்சை மட்டும் கேட்க ஆரம்பித்தபோது இரண்டு மாலைப்பொழுதை வீணடித்தேன். குரல் பதிவை அழித்தேன், மொழியை மாற்றினேன், போனை எடுத்துவிட்டு மறுபடி இணைத்தேன். மூன்றாம் நாள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தால், படிப்பு விளக்குக்குப் பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி ஐந்தாறு கீறல்கள் இருக்குமே, அதன் மேல் டாஷ்கேம் ஒயரைப் பிடித்து நிறுத்த ஒட்டியிருந்த நுரை டேப். ஓட்டுநர் பக்கத்துக் கீறல்களை முழுதாக மூடியிருந்தது. அடுத்த பக்கம் திறந்திருந்தது. கார் பக்கத்து சீட்டுக்கு மட்டும் கீழ்ப்படிந்ததன் ரகசியம் அவ்வளவுதான். டேப்பை உரித்து, ஒட்டிய பசையைக் காய்ந்த துணியால் துடைத்ததும் சரியாயிற்று.

ஆகவே விரலால் தடவிப் பாருங்கள்: டேப், ஸ்டிக்கர், மடித்துச் செருகிய வெயில் மறைப்பு, தொங்கவிட்ட பொம்மை. உள்கூரையைச் சுத்தம் செய்யத் திரவம் அடித்திருந்தால் மைக் துளைகளில் ஈரம் ஏறியிருக்கலாம். ஒரு நாள் காய விடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

மைக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி, காரின் வழியாக ஒரு நண்பருக்கு போன் போடுவது. ஒவ்வொரு மைக்குக்கும் அருகில் வாயைக் கொண்டுபோய் மெல்லிய குரலில் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். எந்த இடத்தில் எண்ணியது தெளிவாகக் கேட்டது என்று அவர் சொல்லட்டும். அழைப்புக்கு ஓட்டுநர் பக்க மைக்கை மட்டும் பயன்படுத்தும் கார்களும் உண்டு, ஆகவே மற்ற பக்கம் கேட்காததை வைத்து மட்டும் அது செத்துவிட்டது என்று தீர்மானிக்காதீர்கள். ஓட்டுநர் பக்கமே கேட்கவில்லை என்றால் சந்தேகமில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போவதானால்

"வாய்ஸ் வேலை செய்யலை" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். மெக்கானிக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து ஒரு கட்டளை சொல்வார், அது அழகாகக் கேட்கும், "கோளாறு இல்லை" என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்த சீட்டில் இருப்பவர் பேசும்போது, திரையில் என்ன எழுத்து விழுந்தது, ஐந்துக்கு எத்தனை தவறியது என்று எழுதிக் கொடுங்கள். திரையை வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் வீட்டிலிருந்து இரண்டு பேரையும் கூடவே கூட்டிப் போய், அவர் சோதிக்கும்போது பின்சீட்டில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.